நெல்லுக்கு முதலில், சேலைக்குக் கடைசியில்: தேனிச் சீமையின் பழைய பெட்டிகளும் பீரோக்களும்

தேனி, பெரியகுளம், கம்பம் பக்கம் பழைய மரச்சாமான் தேடி வருகிறவர்கள் பெரும்பாலும் கேட்பது ஒரே பொருளை: ஆளுயரத் தேக்கு பீரோ, கதவில் நிலைக்கண்ணாடி, உச்சியில் செதுக்கு வேலை. விற்பவரும் 'நூறு வருஷத்துச் சாமான்' என்று நாக்கூசாமல் சொல்லிவிடுவார். ஆனால் இந்தப் பள்ளத்தாக்கின் வீடுகளுக்குள் சேமிப்புச் சாமான்கள் வந்த வரிசையைப் பார்த்தால், துணி வைக்கும் பீரோ அதில் கடைசி. முதலில் தானியம், அடுத்து காசும் கணக்கும், கூடவே சாமியின் உடைமை. சேலைக்கும் வேட்டிக்கும் தனியாக ஒரு மரச்சாமான் வேண்டும் என்ற எண்ணமே பிறகுதான் வந்தது. எது அரிது, எது சாதாரணம், எதற்குக் காசு கொடுக்கலாம், எதை வீட்டிலேயே வைத்துக்கொள்ளலாம் என்ற கேள்விகளுக்கு இந்த வரிசையிலிருந்துதான் பதில் கிடைக்கும் என்பது என் கட்சி.

தானியத்திலிருந்து தொடங்கலாம். 1895இல் பென்னிகுக் கட்டிய முல்லைப் பெரியாறு அணைத் தண்ணீர் கிழக்கே திரும்புவதற்கு முன், ஆற்றுப் பாய்ச்சலும் கண்மாயும் எட்டிய இடம் போக மற்றதெல்லாம் வானம் பார்த்த பூமி. சோளமும் கம்பும் கேழ்வரகும்தான் வீட்டுக்கு வந்த தானியம். அவற்றை வைக்க மண் குதிரே போதும். களிமண்ணோடு வைக்கோல் பிசைந்து உறை உறையாக அடுக்கி, அடியில் ஒரு துளை விட்டு அடைத்து, மேலே மூடிச் சாணி மெழுகிவிட்டால் பூச்சியும் எலியும் உள்ளே போவது கடினம். பெரியாற்றுத் தண்ணீர் வந்தபின் கூடலூரிலிருந்து பழனிசெட்டிபட்டி வரை 14,707 ஏக்கர் இருபோக நெல்வயலாகக் கணக்கில் நின்றது. இருபோகம் என்றால் வருஷத்தில் இரண்டு முறை வீடு நிறையும். விதைநெல் தனி, சாப்பாட்டு நெல் தனி, விற்கிற நெல் தனி. வசதியுள்ள வீடுகள் மரத்தில் நெல்பெட்டி செய்துகொண்டன. கால் வைத்து, மேல்பலகை தூக்கும்படி, ஓர் ஆள் படுத்து உறங்கும் நீளத்தில் செய்த பெட்டி. மலைக்கு அந்தப் பக்கம் கேரள வீடுகளில் இதையே இன்னும் பெரிதாகப் பத்தாயம் என்று வைத்திருந்தார்கள். கம்பத்திலிருந்து குமுளி ஏறினால் இரண்டு வகையையும் ஒரே நாளில் பார்த்துவிடலாம் என்ற தூரம்.

குதிர் விற்பனைக்கு வராது. வீட்டோடு பிறந்து வீட்டோடு கரைந்துபோகும். நெல்பெட்டி தப்பியது, ஆனால் உருமாறி. பலகை பிரித்துக் கட்டிலானது, மேசையானது, சில இடங்களில் ஆட்டுக்குத் தண்ணீர்த் தொட்டியானது. முழுசாக நிற்கும் நெல்பெட்டி இன்று கண்ணாடி பீரோவைவிட அரிது. இருந்தும் சந்தையில் அதற்குப் பாதி மதிப்பு இல்லை. வாங்குகிறவர் கண்ணுக்கு அது 'வெறும் பெட்டி'.

அடுத்தது வியாபாரம். இங்கேதான் இந்தச் சீமை மற்ற ஊர்களிலிருந்து பிரிந்து நிற்கிறது. போடிநாயக்கனூர் ஏலக்காய்ச் சந்தை. கம்பமெட்டும் போடிமெட்டும் குமுளியும் மலைச்சரக்கு இறங்கும் வாசல்கள். மண்டிக்கடையில் முதலாளி சம்மணம் போட்டு உட்கார்ந்த கல்லாப்பெட்டியை நினைத்துப் பாருங்கள். சாய்ந்த மேல்பலகை எழுதும் மேசை. அதைத் தூக்கினால் சில்லறைக்குக் குழிக்கிண்ணம், நோட்டுக்கு ஒரு தட்டு, பத்திரத்துக்கு ஒரு கள்ள அறை. உட்காரும் உயரம், கை நீளும் தூரம், பூட்டு இருக்கும் பக்கம் எல்லாம் ஓர் ஆளின் உடம்புக்கு அளவெடுத்துச் செய்தவை. பூட்டுக்கு வெளியூர் போக வேண்டியதில்லை. பக்கத்தில் திண்டுக்கல் இருக்கிறது. மாங்காய்ப் பூட்டும் இழுப்பறைப் பூட்டும் அங்கே கையால் செய்தவை. 2019இல் திண்டுக்கல் பூட்டுக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. பழைய கல்லாப்பெட்டி வாங்கினால் முதலில் பார்க்க வேண்டியது பூட்டைத்தான். பெட்டி வேறு, பூட்டு வேறு காலமாக இருந்தால் பூட்டைச் சுற்றிலும் பழைய ஆணித்துளைகள் காட்டிக்கொடுத்துவிடும்.

ஏலக்காய்க்கு வெளிச்சமும் ஈரமும் ஆகாது. உலர்த்தி ஈரம் பத்து சதவீதத்துக்குக் கீழே வந்த காயைக் கறுப்புப் பாலிதீன் உள்ளுறை போட்ட சாக்கில் கட்டி மரப்பெட்டிக்குள் வைத்தால்தான் பச்சை நிறம் நிற்கும். பச்சை போனால் விலையும் போகும். ஆக, இங்கே மரப்பெட்டி அழகுக்கு வைத்த சாமான் கிடையாது. சரக்கைக் காப்பாற்றும் கருவி.

தேயிலைப் பெட்டிக்கு இன்னும் சுவையான கதை. மூணாறு மலைத் தேயிலை ஒரு காலத்தில் இந்தப் பள்ளத்தாக்கு வழியாகத்தான் இறங்கியது. குண்டளைப் பள்ளத்தாக்கில் 1902இல் ஒற்றைத் தண்டவாள வண்டி. 1908இல் அதையே இரண்டடி அகல ரயிலாக மாற்றினார்கள். அது டாப் ஸ்டேஷன் வரை சரக்கைக் கொண்டுவரும். அங்கிருந்து கம்பிவடத்தில் தொங்கியபடி பெட்டிகள் குரங்கணிக்குக் கீழே கொட்டகுடிக்கு இறங்கும். பிறகு மாட்டுவண்டியில் போடி. 1924 ஆடிமாத வெள்ளம் அந்த ரயிலை அடித்துக்கொண்டு போனது, திரும்பக் கட்டவில்லை. மதுரையிலிருந்து போடிக்கு ரயில் வந்தது அதற்கு நாலு வருஷம் கழித்து, 1928இல். அந்தக் காலத்துத் தேயிலைப் பெட்டி மெல்லிய ஒட்டுப்பலகையில் செய்தது. விளிம்பில் தகரப் பட்டை, உள்ளே உலோகத் தாள். காலியான பெட்டி வீட்டில் அரிசிக்கும் துணிக்கும் பழைய கணக்கு நோட்டுக்கும் ஆகும். இன்றைக்கும் ஏதாவது பரணில் ஒன்று கிடைத்தால் தூக்கிப் போடாதீர்கள். ஒரு எச்சரிக்கையும் உண்டு: மிகப் பழைய பெட்டிகளின் உள்ளுறை ஈயம். அதில் தின்பண்டம் வைக்கக் கூடாது, குழந்தைகளின் கைபடவும் விடக் கூடாது.

சாமி பெட்டியைப் பற்றிச் சொல்லாமல் இந்தச் சீமையின் சேமிப்புச் சாமான்களைச் சொல்லி முடிக்க முடியாது. ஆண்டிபட்டிக் கணவாய் தாண்டினால் உசிலம்பட்டி. மாசிப் பச்சை, அதாவது மகா சிவராத்திரிக்கு, அங்கிருந்து பாப்பாபட்டி ஒச்சாண்டம்மன் கோயிலுக்குப் பெட்டி எடுத்துப் போகிறார்கள். சாமியின் உடைமைகளும் பூசைப் பொருட்களும் அந்தப் பெட்டிக்குள். சுற்றுப்பட்டுக் கிராமங்கள் முழுக்க அந்த ஊர்வலத்தில் இருக்கும். குலசாமி பெட்டியை யார் வீட்டில் வைப்பது, யார் தோளில் தூக்குவது என்பது பங்காளிகளுக்குள் உரிமைப் பிரச்சினை. மரச்சாமான்களைப் பற்றி எழுதுகிறவர்கள் கலைநயம், மரவகை, பாணி என்று போய்விடுகிறார்கள்; பெட்டியை வைத்திருப்பதே ஒரு பதவியாக இருக்கும் சமூகத்தில் அந்த அளவுகோல்கள் பாதி தூரம்கூட வராது. விற்பனைக்கு வராத பழம்பொருள் என்று இங்கே ஒன்றைச் சொல்ல முடியும் என்றால் அது இதுதான். யாராவது 'கோயில் பெட்டி' என்று சொல்லி விற்க வந்தால், விலை கேட்பதற்கு முன் அது எந்த ஊர்க் கோயிலிலிருந்து எப்படி வந்தது என்று கேட்க வேண்டும்.

இனி துணி. தைக்காத துணிக்குத் தொங்கவிடும் இடம் தேவையில்லை. சேலையும் வேட்டியும் துண்டும் மடித்தால் பலகை அகலத்துக்குள் அடங்கிவிடும். அன்றாடம் உடுத்துவது கொடியில் கிடக்கும். விட்டத்திலிருந்து இரண்டு கயிறு, குறுக்கே ஒரு மூங்கில், அவ்வளவுதான். கூறைப்புடவையும் பட்டும் மரப்பெட்டியிலோ, பிற்காலத்தில் டிரங்குப் பெட்டியிலோ, வசம்பும் வேப்பிலையும் துணையாக. ஐரோப்பாவிலும் நெடுங்காலம் துணியை மடித்தோ கொக்கியில் மாட்டியோதான் வைத்தார்கள். தோள் வடிவத் தொங்குகம்பி பரவலானது 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதிக்குப் பிறகு. அதன்பின்தான் ஆளுயரத்துக்கு உள்ளே வெறுமையாக இருக்கும் பீரோ அங்கே வழக்கமானது. நம் பழைய பீரோக்களைத் திறந்து பார்த்தால் உள்ளே நாலோ ஐந்தோ தட்டுகள், நடுவில் இழுப்பறை, ஒரு சிறு பூட்டறை. இன்று அதை வாங்கியவர்கள் முதல் வேலையாக நடுத்தட்டுகளை அறுத்துத் தள்ளிவிட்டுச் சட்டை மாட்டக் கம்பி போடுகிறார்கள். தட்டுகள்தான் பக்கப் பலகைகளை இழுத்துப் பிடித்திருந்தவை. அவை போனபின் கதவு சரியாக மூடவில்லை என்றால் பழி ஆசாரியின் மேல் விழுகிறது.

உண்மையில் இந்த ஊர்களின் துணி அலமாரி சுவருக்குள் இருந்தது. ஒன்றரை அடி, இரண்டடி கனமுள்ள சுண்ணாம்புச் சுவரில் ஆழமாக ஒரு மாடம் விட்டு, அதற்குத் தேக்கு நிலை வைத்து, இரட்டைக் கதவு மாட்டிவிடுவார்கள். தரையில் இடம் பிடிக்காது. கரையானுக்குக் கால்வழி கிடையாது. சுவர் குளிர்ச்சி உள்ளேயும் இருக்கும். போடி, சின்னமனூர், உத்தமபாளையம் எங்கே பழைய காரைவீட்டுக்குள் போனாலும் கூடத்திலோ உள்ளறையிலோ இப்படி ஒன்றிரண்டு இருக்கும். தனியாக நிற்கும் மர பீரோ முதலில் வந்தது ஜமீன் வீடுகளுக்கும், மலைத்தோட்ட பங்களாக்களுக்கும், வக்கீல் டாக்டர் வீடுகளுக்கும் என்றே நினைக்கிறேன். போடி, கண்டமனூர், எரசக்கநாயக்கனூர் என்று ஜமீன்களுக்கு இங்கே பஞ்சமில்லை. 1948இன் எஸ்டேட் ஒழிப்புச் சட்டம் வந்து வருமானம் நின்றபின் அப்படிப்பட்ட வீடுகளில் முதலில் கைமாறக்கூடியது நகை, அடுத்தது மரம்.

மரத்தைப் பற்றிக் கொஞ்சம் நிதானமாகப் பேச வேண்டும், ஏனென்றால் ஏமாற்று முழுவதும் அங்கேதான். 'பர்மா தேக்கு' என்று சொல்லாத கடை கிடையாது. பர்மாத் தேக்கு கப்பலில் வந்து தமிழ்நாட்டு வீடுகளில் ஏறியது மெய். செட்டிநாட்டு மாளிகைகளின் தூண்களே சாட்சி. பாம்பே பர்மா கம்பெனி 1863இல் தொடங்கியது. ரங்கூனுடன் நகரத்தார் வைத்திருந்த கொடுக்கல் வாங்கல் ஊரறிந்தது. 1942 மார்ச்சில் ஜப்பானியர் ரங்கூனைப் பிடித்ததும் அந்த வரத்து நின்றது. ஆனால் மேற்குத் தொடர்ச்சி மலையின் அடியில் இருக்கும் ஓர் ஊரில், வருசநாட்டு மலையிலும் திருவிதாங்கூர்க் காடுகளிலும் தேக்கு நின்றபோது, கடல் தாண்டி வந்த மரம்தான் எல்லார் வீட்டிலும் இருந்தது என்று நம்ப எனக்குக் காரணம் தெரியவில்லை. வெறும் கண்ணால் இரண்டையும் பிரித்துச் சொல்வேன் என்பவரிடம் கவனமாக இருங்கள். அதைவிடப் பார்க்க வேண்டியது வைரம் பாய்ந்த பகுதி எவ்வளவு, வெள்ளை எவ்வளவு என்பதை. தேக்கின் நடுமரத்தில் கரையானை விரட்டும் சத்து இயல்பாகவே உண்டு. வெள்ளைக்கு அந்தக் காவல் இல்லை. உளுத்துப்போன 'தேக்கு' பீரோ என்று ஒன்று கிடைத்தால், பெரும்பாலும் வெள்ளை விளிம்புப் பலகைதான் உளுத்திருக்கும்.

எடையையும் கணக்கிட்டுப் பார்க்கலாம். ஒரு கன அடி உலர்ந்த தேக்கு ஏறத்தாழ 18 கிலோ. ஆறடி உயரம், மூன்றரை அடி அகலம், ஒன்றரை அடி ஆழம், ஐந்து தட்டு, எல்லாம் ஓரங்குலப் பலகை என்று வைத்தால் சட்டங்களும் சேர்த்து எட்டு கன அடி தாண்டும். அதாவது 150 கிலோ சுமார். இரண்டு பேர் லேசாகத் தூக்கி நகர்த்தும் பீரோ முழுத் தேக்காக இருக்க வழியில்லை. முதுகுப் பலகை மெலிதாக இருப்பது வழக்கம்தான்; அதில் பிளைவுட் இருந்தால் அந்தப் பீரோவின் வயதைப் பற்றி இன்னொரு கேள்வி எழும்.

ஈட்டி, அதாவது தோதகத்தி, வேறு கதை. கனம் அதிகம், கறுப்புக் கோடு ஓடும், நல்ல மெருகு ஏறும். சொந்தப் பட்டா நிலத்தில் நின்றாலும் அதை இஷ்டத்துக்கு வெட்ட முடியாதபடி தமிழ்நாட்டில் 1990களின் நடுவில் தனிச்சட்டம் வந்திருந்தது. 2017 ஜனவரியிலிருந்து அந்த மரப்பேரினமே அருகிவரும் உயிரினங்களின் உலக வணிக ஒப்பந்தத்தின் கட்டுப்பாட்டுப் பட்டியலில் இருக்கிறது. வெளிநாட்டில் இருக்கும் பேரனுக்குப் பாட்டியின் ஈட்டிப் பெட்டியை அனுப்ப நினைக்கிறவர்கள் முதலில் எடை பார்க்க வேண்டும். செய்து முடித்த பொருளில் இருக்கும் அந்த மரம் ஓர் அனுப்புகையில் பத்து கிலோவுக்குள் இருந்தால் அந்தக் கட்டுப்பாட்டிலிருந்து விலக்கு உண்டு. பீரோ அந்த விலக்குக்குள் வராது.

ஏழைக்கும் நடுத்தர வீட்டுக்கும் வேம்பு, பூவரசு, வேங்கை, மா, பலா. இதில் பலா மரத்தைப் பற்றி ஒரு வார்த்தை. கேரளத்தில் பலாப்பலகையில் செய்த அருமையான பெட்டிகளும் பீரோக்களும் மலையிறங்கி இங்கே வருகின்றன. மேற்கே மழை கொட்டும் ஈரக்காற்றில் பல்லாண்டு இருந்த மரம், மழைமறைவுப் பக்கத்துக் காற்றில் வந்து நிற்கிறது. ஆண்டிபட்டி, கண்டமனூர் பக்கம் காற்றாலை சுற்றும் அந்தக் காற்று மரத்தின் ஈரத்தை உறிஞ்சிவிடும். பலகை அகலவாக்கில் சுருங்கும், நீளவாக்கில் சுருங்காது. அதனால் சட்டத்துக்குள் கதவுப் பலகை வெடிக்கிறது, மூட்டு தளர்கிறது. வாங்கி வந்ததும் வெயில் விழும் அறையிலோ மின்விசிறிக்குக் கீழேயோ நிறுத்தாமல், ஒரு கோடையும் ஒரு மழைக்காலமும் மூலையில் விட்டு வைத்தபின் பழுது பார்ப்பது நல்லது. வெடிப்பைக் கண்டதும் மக்கு வைத்து அடைத்தால் மழைக்காலத்தில் பலகை விரிய இடமில்லாமல் வேறிடத்தில் பிளக்கும்.

வயது கணிக்கும் வழிகளைப் பற்றி ஆளாளுக்கு ஒரு சூத்திரம் சொல்வார்கள். பல சூத்திரங்கள் இங்கிலாந்துச் சாமான்களுக்குப் பொருந்துபவை. இங்கே அப்படியே எடுத்தால் தப்பாகும். உதாரணமாக, பலகையின் உள்பக்கம் நேர்கோட்டில் ஒழுங்கில்லாத வாள்தடம் இருந்தால் கையால் அறுத்தது, வளைகோடாக இருந்தால் இயந்திரம் என்பார்கள். இரண்டாள் இழுக்கும் வாளில் மரம் அறுப்பது நம் ஊர்களில் இருபதாம் நூற்றாண்டிலும் வெகுகாலம் நடந்தது. ஆக, வாள்தடம் வயதுக்குச் சாட்சி சொல்லாது. கூர்முனைத் திருகாணி 1840களிலிருந்தே உண்டு, அதுவும் உதவாது. நட்சத்திரத் தலைத் திருகாணி 1930களில் அமெரிக்காவில் வந்தது. அது மூலத் துளையில் இருந்தால் பீரோ அதற்குப் பிந்தியது என்று சொல்லலாம். எனக்குப் பிடித்த தடயம் பசை. பழைய ஆசாரிகள் வஜ்ஜிரத்தைக் காய்ச்சி ஒட்டினார்கள். மாட்டுத் தோலிலும் எலும்பிலும் எடுத்த பசை அது. பழுப்பாக, கண்ணாடி மாதிரி நொறுங்கும், வெந்நீர்த் துணி வைத்தால் இளகும். ஃபெவிகால் 1959இல் வந்தது. மூட்டின் உள்ளே வெள்ளைப் பசை காய்ந்து கிடந்தால் ஒன்று பீரோ அதற்குப் பிந்தியது, அல்லது அதன்பின் யாரோ பிரித்து மாட்டியிருக்கிறார்கள். இழுப்பறையை உருவிப் பின்மூலையைப் பாருங்கள். புறாவின் வால் போல விரிந்த பற்கள் ஒவ்வொன்றும் ஒவ்வோர் அளவாக, அடையாளக் கீறல் தெரிய இருந்தால் கைவேலை. கண்ணாடியில் விளிம்போரம் கறுத்துப் புள்ளி விழுந்திருந்தால் பின்பக்க வெள்ளிப்பூச்சு ஈரம் பட்டுக் கெட்டிருக்கிறது என்று பொருள்; அதை மாற்றாமல் விடுவதே மேல்.

சட்டம் நூறு வருஷத்தைத்தான் கணக்கில் எடுக்கிறது. 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டம் 1976 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. அதன்படி நூறாண்டுக்குக் குறையாத கலைப்பொருள் தொல்பொருள். அதைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. அமெரிக்கச் சுங்கச் சட்டம் 1930இல் 1830க்கு முந்தியதைத்தான் பழம்பொருள் என்றது. 1966இல் அதுவும் நூறாண்டுக் கணக்குக்கு மாறியது. இந்த அளவுகோலில் நம் கடைகளில் நிற்கும் கண்ணாடி பீரோக்களில் பெரும்பகுதி தேறாது என்பது என் கணிப்பு. அறுபது, எழுபது வருஷத்துச் சாமானுக்கு நூறு வருஷப் பட்டம் கட்டி விற்கிறார்கள். வேடிக்கை என்னவென்றால், அதே வாய் வெளிநாட்டு வாடிக்கையாளர் வந்ததும் 'நூறெல்லாம் ஆகலை சார், தாராளமா அனுப்பலாம்' என்று மாறும்.

சந்தை நிலவரம் சுருக்கமாக. பள்ளத்தாக்கு இரண்டு பெரிய பழம்பொருள் சந்தைகளுக்கு நடுவே இருக்கிறது: கிழக்கே காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெரு, மேற்கே கொச்சி மட்டாஞ்சேரி. கிழக்கே போன சாமான் 'செட்டிநாடு' ஆகிறது, மேற்கே போனது 'கேரளா' ஆகிறது. தேனிச் சாமான் என்ற பெயரில் எங்கும் எதுவும் விற்பதில்லை. ஏலக்காய் மண்டிக் கல்லாப்பெட்டியும் செட்டியார் வீட்டுக் கணக்குப்பெட்டியும் ஒரே வரிசையில் நின்றால் வாங்குகிறவருக்கு வித்தியாசம் சொல்ல ஆள் இல்லை. இலங்கையில் டச்சுக் காலத்து அலமாரிகளுக்குக் கொழும்பில் அருங்காட்சியகமே இருக்கிறது. வடகேரளத்தில் நெட்டூர்ப் பெட்டிக்குத் தன் ஊர்ப்பெயர் ஒட்டிக்கொண்டிருக்கிறது. சென்னை முட்டுக்காட்டு தட்சிணசித்ராவில் செட்டிநாட்டு வீடு நிற்கிறது. நம் பக்கம் அந்த வேலையை யாரும் எடுத்துச் செய்யவில்லை.

மர பீரோவை ஓரங்கட்டியது இரும்பு பீரோ. கோத்ரெஜ் 1897இல் பூட்டுக் கம்பெனியாகத் தொடங்கி, 1902இல் இரும்புப் பெட்டகம், 1923இல் இரும்பு அலமாரி என்று வந்தது. பிறகு ஒவ்வோர் ஊரிலும் பீரோப் பட்டறைகள். கட்டில், மெத்தை, பீரோ இல்லாத சீர்வரிசை கிடையாது என்று ஆனது. மெத்தைக்கு இலவம்பஞ்சு போடியிலேயே இருந்தது. இரும்பைக் குறை சொல்ல நான் தயாரில்லை. கரையான் தின்னாது, எலி கடிக்காது, திருடனுக்கு வேலை கூடும், கல்யாணத்துக்கு முந்தின வாரம் சொன்னால் வந்துவிடும். ஏமாற்று அங்கேயும் உண்டு: இருபது கேஜ் தகடு ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர், எண் கூடக்கூடத் தகடு மெலியும் என்பது வாங்குகிறவருக்குத் தெரியாது. நாற்பது, ஐம்பது வருஷத்துப் பழைய கனத்த இரும்பு பீரோவைப் பேரீச்சம்பழத்துக்குப் போட்டுவிட்டுப் புதுசு வாங்குவது, தேக்கை அடுப்பில் வைப்பதற்குச் சற்றே குறைந்த முட்டாள்தனம். இப்போது அதையும் தள்ளிவிட்டுச் சுவர் நிறைய பிளைவுட் வார்ட்ரோப் வருகிறது. சுவருக்குள் இருந்த அலமாரி சுற்றிக்கொண்டு திரும்பச் சுவருக்கே வந்திருக்கிறது, சுவர் மட்டும் மெலிந்துவிட்டது.

பராமரிப்பில் நடக்கிற அநியாயம்தான் மற்ற எல்லாவற்றையும்விட அதிகம். பழைய மெருகு அரக்கை ஸ்பிரிட்டில் கரைத்துத் துணியால் தேய்த்துத் தேய்த்து ஏற்றியது. மறைவான ஓர் இடத்தில் பஞ்சில் ஸ்பிரிட் நனைத்து ஒற்றினால், அரக்காக இருந்தால் பிசுபிசுக்கும். அப்படி இருந்தால் அதே முறையில் மேலே இன்னும் இரண்டு கை ஏற்றினால் போதும். ஆனால் காஸ்டிக் சோடாத் தொட்டியில் முக்கி எடுத்து, எமரித் தாள் போட்டு, வெள்ளைத் தோல் வரும்வரை சுரண்டி, மேலே பிளாஸ்டிக் மாதிரி மினுமினுக்கும் பூச்சு அடித்துக் கொடுக்கிறார்கள். சோடா தேக்கைக் கறுக்கவைக்கும், வஜ்ஜிரத்தைக் கரைத்து மூட்டைத் திறந்துவிடும். அறுபது வருஷம் கைபட்டு வந்த நிறம் ஒரு மத்தியானத்தில் போய்விடும்.

உளுக்கு வருவோம். கீழே மாவு மாதிரித் தூள் கொட்டியிருந்தால் வண்டு உள்ளே இருக்கிறது. துளைக்குள் மண்ணெண்ணெய் ஊற்றுவது நாத்தத்தை மட்டும்தான் தரும். போராக்ஸும் போரிக் அமிலமும் கலந்த கரைசலை மெருகு இல்லாத உள்பக்கத்திலும் அடியிலும் பூசலாம். சூடு நல்ல மருந்து: மரத்தின் நடுப்பகுதி 56 டிகிரியில் அரைமணி நேரம் இருந்தால் பூச்சி சாகும் என்பதுதான் ஏற்றுமதி மரப்பெட்டிகளுக்கு உலக நாடுகள் வைத்திருக்கும் விதி. சிறு பெட்டியைக் கறுப்புப் பாலிதீனில் சுற்றிச் சித்திரை வெயிலில் போட்டுப் பார்க்கலாம்; ஆனால் வஜ்ஜிரம் போட்ட பெட்டி என்றால் சூட்டில் மூட்டு இளகும், வேண்டாம். பட்டு வைக்கும் அலமாரியில் அந்துருண்டை சேலையைத் தொடக் கூடாது; சரிகை கறுக்கும். பச்சைப் பலகை மேல் வெள்ளைத் துணியை நேரே வைத்தால் மரத்தின் அமில ஆவி பட்டுப் பழுப்பேறும். துவைத்த பழைய மல் வேட்டியில் சுற்றி வைத்தால் தீர்ந்தது. கால்களுக்கு அடியில் கருங்கல் துண்டு, சுவருக்கும் முதுகுக்கும் நடுவே நாலு விரல் இடைவெளி. இந்த நாலு விரலுக்கு இடம் கொடுக்காத வீடுகளில்தான் கரையான் முதலில் முதுகு வழியாக ஏறுகிறது.

வாங்குவதா, வைத்துக்கொள்வதா, பிரித்து வேறு செய்வதா என்ற கேள்விக்கு என் பதில் ஒரே மாதிரி இருக்காது. கல்லாப்பெட்டியும் நெல்பெட்டியும் முழுசாக இருந்தால் ஆணி ஒன்றைக்கூடத் தொடாமல் வைத்துக்கொள்ள வேண்டும். ஐம்பது, அறுபது வருஷத்துத் தேக்கு பீரோவை மரியாதையாகப் பயன்படுத்தலாம், பழுது பார்க்கலாம், தேவை என்றால் இரண்டு தட்டை ஏற்றி இறக்கலாம். அது தொல்பொருள் இல்லை, நல்ல மரத்தில் நல்ல ஆசாரி செய்த வேலை. அதற்கு நூறு வருஷ விலை கொடுக்காதீர்கள்.

எனக்குக் கவலை சுவர் அலமாரிகளைப் பற்றித்தான். சாலை அகலப்படுத்துகிறார்கள், பாகம் பிரிக்கிறார்கள், பழைய காரைவீடுகள் வாரம் ஒன்றாக விழுகின்றன. இடிக்க எடுத்தவர் நிலையையும் கதவையும் தனித்தனியாகப் பெயர்த்துக் கன அடிக் கணக்கில் போட்டுவிடுகிறார். நிலை, கதவு, கீல், நாதாங்கி, உள்தட்டு எல்லாவற்றையும் எண் எழுதி ஒன்றாகக் கட்டி வைத்தால் புது வீட்டில் அதே அலமாரியை மறுபடி நிறுத்தலாம். புதுச் சுவர் ஒன்பது அங்குலம்தான் இருக்கும், ஆழத்துக்குப் போதாது. பின்பக்கம் வேம்புப் பலகையில் பெட்டி கட்டி, அடுத்த அறைப் பக்கம் பூசி மறைக்க வேண்டும். அந்த வேலையைக் கொத்தனாரிடம் விடாமல் ஆசாரியிடம் கொடுங்கள். கொத்தனார் முதலில் கேட்பது, நிலையைச் சிமெண்டு வைத்து இறுக்கிவிடலாமா என்றுதான்.